செவில் நகரத்து மரச் சுரூபங்களும் வர்ணக்காரரும்

கத்தோலிக்க மக்கள் வாழும் நம் கரையோர ஊர்களிலே பெரிய வெள்ளிக்கிழமை மாலையிற் சென்று நின்றவர்கள், சிலுவையினின்றும் இறக்கிய யேசுநாதரின் சுரூபத்தை ஆசந்தியிலே கிடத்திப் பவனியாக எடுத்துவரும் காட்சியைக் கண்டிருப்பார்கள். சுரூபம் அணுக அணுகக் கூட்டத்திலே விம்மலொலி எழும். முதிய பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். வெளிறிய முகம், நீலம் பாரித்த இதழ், விலாப்புறத்தில் வழிந்து உறைந்த குருதி ஆகியவையே அவர்களை அவ்வாறு உருக்குவன. இவற்றைச் செய்தது உளியன்று, தூரிகை. ஆயினும், இச்சுரூபத்தைச் செய்தவர் யார் என்று வினவினால், செதுக்கிய சிற்பியின் பெயர் தெரிந்தவர் அதனைச் சொல்வாரேயன்றி, வர்ணந் தீட்டியவரை நினைப்பார் இலர். திருவிழாவுக்கு முன்னர் நம் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் கைவினைஞரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

மரத்திற் செய்த உருவம் செதுக்கியவருக்கு உரியதா, வர்ணமிட்டவருக்கு உரியதா என்னும் வினா ஒருகாலத்தில், ஒரு நகரத்தில், துண்டுப்பிரசுரம் அச்சிட்டு வெளியிடும் அளவுக்குப் பூசலாக மூண்டது. அந்நகரம் ஸ்பெயின் தேயத்துச் செவில். ஆண்டு 1622. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர்தான், 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1580 தொடக்கம் 1640 வரையும் போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், செவில் நகரத்துச் சிற்பியும் யாழ்ப்பாணத்து உழவனும் அந்நாளில் ஒரே அரசனின் பெயரால் வரியிறுத்தவர்களே. ஆகவே இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதென்று சொல்வதற்கில்லை.

அக்காலத்துச் செவில் செல்வம் கொழித்த நகரம். அமெரிக்காவுடன் ஸ்பெயின் நடத்திய வாணிகத்தை மேற்பார்க்கும் அரச நிலையம் 1503இல் அங்கே நிறுவப்பட்டது. கப்பல்கள் கொணர்ந்த பொன்னும் வெள்ளியும் அந்நகரத்து ஆற்றுத்துறையிலேயே இறங்கின. மடங்களும் ஆலயங்களும் பக்திச் சபைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பீடங்களை எழுப்பின. பீடம் என்றால் பலிபீடத்தின் பின்னே கூரைவரை உயர்ந்து நிற்கும் மரவேலை முழுவதையும் கருதுகின்றேன். தூண்களும் மாடங்களும் மாடந்தோறும் சுரூபங்களுமாக நிறைந்தவை அவை. கல்லையும் வெண்கலத்தையும் இத்தாலியர் பெரிதும் விரும்ப, ஸ்பெயின் மக்கள் மரத்தையே விரும்பினர். மரம் மலிவானது, தோளிற் சுமந்து வீதிவலம் வருவதற்கு இலகுவானது. எல்லாவற்றிலும் மேலாக, மரம் வர்ணத்தை ஏற்கும்.

இத்தகைய பணிகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உடன்படிக்கைகளின்படி நடைபெற்றன. அவ்வுறுதிகளுட் பல இன்றும் செவில் நகரத்து ஆவணக்களரியில் இருப்பதனாலேதான் இவ்வரலாற்றை நாம் அறிகின்றோம். முறைப்படி உடன்படிக்கை இரண்டு. செதுக்குவதற்குச் சிற்பியுடன் ஒன்று. வர்ணமும் பொன்னும் இடுவதற்கு வர்ணக்காரருடன் மற்றொன்று. சிற்பி தம் வேலையை முடித்துக் கொடுக்கும் நிலையைச் செவில் மக்கள் ‘வெள்ளையில் உள்ளது’ என்றனர். அதாவது, வெறும் மரம். அந்நிலையில் அது சுரூபமென்று கொள்ளப்படவில்லை. முடிவுறாத பண்டமாகவே கருதப்பட்டது.

சிற்பிகளும் வர்ணக்காரரும் வெவ்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்கள். சங்கத்தின் பரீட்சையிலே தேறாதவர் அத்தொழிலைச் செய்யலாகாது, ஒப்பந்தம் ஏற்கலாகாது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வெலாஸ்கெஸ் என்னும் ஓவியர்கூட, 1617ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இப்பரீட்சைக்குத் தோற்றித் தேறிய பின்னரே செவிலிலே தொழில் செய்யும் உரிமை பெற்றார். அவருடைய ஆசான் பிரான்சிஸ்கோ பச்சேக்கோ. 1564இற் பிறந்த பச்சேக்கோ, பெரிய மேதையல்லர். அவருடைய ஓவியங்கள் சற்று விறைப்பானவை. ஆயின் கல்வியும் ஒழுங்கும் உடையவர். தொழிலின் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுப்பதில் வல்லவர். சங்கத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1618 தொடக்கம் திருவுருவங்கள் சமய முறைக்கு ஏற்றவையா என்று பார்க்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஓவியக்கலை பற்றி அவர் தம் வாழ்நாளெல்லாம் எழுதிய நூல், அவர் 1644இல் இறந்து ஐந்தாண்டு கழிந்தபின், 1649இல் அச்சேறியது. மரச் சுரூபத்துக்கு வர்ணமிடும் முறையை இந்நூல் சொல்வது போல விரிவாகச் சொல்லும் பழைய நூல்கள் மிகச் சில.

அம்முறையைச் சிறிது நோக்குவோம். சிற்பியின் பட்டறையிலிருந்து வந்த மரவுருவத்தின் கணுக்களை வர்ணக்காரர் முதலிற் சோதிப்பார். கணுவிலே பிசின் கசிந்தால் மேலே இடுகின்ற வர்ணம் சில ஆண்டுகளிற் கறுத்துவிடும். ஆகையால், உள்ளியைச் சேர்த்துக் காய்ச்சிய வச்சிரப்பசையைச் சூட்டோடு பூசுவார்கள். உள்ளி, பசை மரத்திலே நன்கு பற்றுதற்கு உதவும். பலகைகளை ஒட்டிய பொருத்துவாய்கள் வெடித்துத் தெரியாதிருக்க, அவற்றின்மேல் மெல்லிய சணல் துணியைக் கீறி ஒட்டுவார்கள். அதன்பின் ஜிப்சக் கல்லைச் சுட்டுப் பொடித்து வச்சிரத்திற் குழைத்த வெண்சாந்தை, முதலிற் பருமையாகவும் பின்னர் நொய்தாகவும், ஒரு பூச்சு உலர்ந்தபின் மறுபூச்சாகப் பலமுறை பூசுவார்கள். பசை மிகுந்தால் சாந்து வெடிக்கும், குறைந்தால் உதிரும். காலநிலைக்கேற்ப இதனை அளவறிந்து செய்வதே தொழிலின் உயிர்நிலை.

இனிப் பொன். முகம், கை, கால் ஆகிய தசைப் பகுதிகளை விட்டு, ஆடைப் பகுதிகளின்மேல் செங்காவி போன்ற மெல்லிய களிமண்ணைப் பூசுவார்கள். களிமண்ணின் செம்மை, மேலே படியும் பொன்னுக்குக் கீழிருந்து வெம்மை கொடுக்கும். அதனை நீரால் நனைத்துப் பொன்ரேக்குகளை ஒவ்வொன்றாக இட்டு, ஈரம் முற்றும் உலரும் முன்னர், வழவழப்பான கல்லினாலோ விலங்கின் பல்லினாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். இவ்வளவு பாடுபட்டு இட்ட பொன்னை அடுத்தபடியாக வர்ணத்தால் மூடிவிடுவார்கள் என்பது கேட்போருக்கு வியப்பாயிருக்கும். முட்டைக் கருவிற் குழைத்த நீலமோ பச்சையோ செம்மையோ பொன்மேற் பூசப்படும். அது காய்ந்தபின், கூரிய மரக்குச்சியால் வர்ணத்தை மாத்திரம் கோலங்கோலமாகக் கீறி எடுப்பார்கள். கீறிய இடமெல்லாம் அடியிலுள்ள பொன் வெளிப்பட்டு, சரிகை நெய்த பட்டாடை போல மின்னும். துணி என்று பொருள்படும் சொல்லிலிருந்து இவ்வேலைக்கு ‘எஸ்தொபாதோ’ என்று பெயர் ஏற்பட்டது. மெழுகுவர்த்தியின் அசையும் ஒளியிலே இவ்வாடைகள் சலசலப்பன போலத் தோன்றும். மின்விளக்கின் வெளிச்சத்தில் அவற்றை நோக்குகின்ற நமக்கு அத்தோற்றத்தில் பாதிதான் கிடைக்கின்றது.

ஆயினும் வர்ணக்காரரின் உண்மையான சோதனை முகத்திலேதான். தசைக்கு வர்ணமிடும் வேலையை ஸ்பெயின் மொழியில் ‘என்கார்னசியோன்’ என்பர். தேவன் மனுவுருவெடுத்ததைக் குறிக்கும் சமயச் சொல்லும் அதுவே. ஒரு பட்டறைச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய மதிப்பு எங்கே கிடைக்கும்! ஈய வெள்ளையுடன் சாதிலிங்கமும் பிற வர்ணங்களும் சேர்த்து எண்ணெயிற் குழைத்துத் தசை நிறம் செய்வார்கள். பதினாறாம் நூற்றாண்டிலே இதனை நனைத்த மென்சவ்வினால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதே பெருவழக்காக இருந்தது. இதனை மெருகு முறை எனலாம். பச்சேக்கோவுக்கு இம்முறை அறவே பிடிக்கவில்லை. அவ்வாறு செய்த முகங்கள் மெருகிட்ட மட்பாண்டத் தட்டுகள் போன்றவை என்று அவர் எள்ளி நகையாடினார். அவர் சொன்ன காரணம் செவ்விது. பளபளப்பான முகத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும். சிற்பி நுணுகிச் செதுக்கிய கன்னக் குழிவும் நெற்றிச் சுருக்கமும் அத்தெறிப்பில் மறைந்துபோகும். மெருகிடாத மங்கல் முறையிலோ, உலர்ந்தபின்னும் மீண்டும் மீண்டும் திருத்தலாம், இமையின்கீழ் நிழலிடலாம், மூட்டுகளைச் சிவக்கச் செய்யலாம். கண்களுக்கு மாத்திரம் இறுதியில் மெருகெண்ணெய் தொட்டுவைத்தாற் போதும். முகம் முழுவதும் மங்கலாயிருக்க, கண் மட்டும் ஈரமாக ஒளிரும்.

இம்மங்கல் முறையைச் செவிலிலே மீட்டெடுத்தவர்களுள் தாமும் ஒருவர் என்பது அவருடைய பெருமிதம். உரோமாபுரியிலிருந்து வெள்ளி வேலைக்காரர் ஒருவர் கொணர்ந்த பாடுபட்ட சுரூபத்தின் வெண்கல வார்ப்புக்கு 1600ஆம் ஆண்டு சனவரியில் தாம் அவ்வாறு வர்ணமிட்டதாக அவர் குறித்திருக்கின்றார்.

இனி அவருடைய எதிராளியைக் காண்போம். 1568இற் பிறந்த ஹுவான் மார்த்தினெஸ் மொன்தாஞெஸ், தமது இருபதாவது வயதிலே செவில் நகரத்துப் பரீட்சையிற் தேறிய சிற்பி. ‘மரத்தின் கடவுள்’ என்று அவர் காலத்தவரே அவரை அழைத்தனர். பச்சேக்கோவும் மொன்தாஞெசும் தொடக்கத்தில் எதிராளிகள் அல்லர், நீண்டநாட் கூட்டாளிகள். 1603ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே மத்தேயோ வாஸ்கெஸ் தெ லேக்கா என்னும் குருவானவர் பாடுபட்ட சுரூபமொன்றைச் செய்து தருமாறு மொன்தாஞெசுடன் உடன்படிக்கை எழுதினார். யேசுநாதர் இன்னும் உயிரோடிருப்பவராக, வலப்பக்கம் தலை சாய்த்து, அடியில் முழந்தாளிட்டுச் செபிப்பவரை நோக்குபவராக, நீ படவேண்டியதை உனக்காக நான் படுகின்றேன் என்று அவரிடம் முறையிடுபவர் போல அமையவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பார்வையை நொத்தாரிசு உறுதியில் எழுதி வாங்கிய கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மொன்தாஞெஸ் செதுக்கினார், பச்சேக்கோ வர்ணமிட்டார். ‘கிருபையின் கிறீஸ்து’ எனப்படும் அச்சுரூபம் இப்பொழுது செவில் பேராலயத்தில் உள்ளது. தலையின் சாய்வு சிற்பியினுடையது. ஆனால் பாதி மூடிய இமையின்கீழ் நம்மைத் தேடுகின்ற கருவிழி வர்ணக்காரருடையது. அக்கருவிழி ஒரு நெல்லளவு விலகியிருந்தால் நிபந்தனை நிறைவேறியிராது.

இவ்வாறே, 1609இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட இஞ்ஞாசியாரின் விழாவுக்காக 1610இல் இருவரும் சேர்ந்து ஒரு சுரூபம் செய்தனர். அதிலே தலையும் கைகளும் மாத்திரமே செதுக்கப்பட்டன. உடலுக்கு உண்மையான ஆடை உடுத்தப்படும். செவிலுக்கு அருகிலுள்ள சந்திப்பொன்சே என்னும் ஊரின் மடத்திற்குச் செய்த எரோணிமூஸ் சுரூபமும் இருவர் கூட்டின் விளைவே. நரம்பு புடைத்த முதிய உடலோடு, கையிற் கல்லேந்தித் தவம் புரியும் அச்சுரூபத்தைப் பச்சேக்கோ தம் நூலில் வாயாரப் புகழ்கின்றார். அப்புகழ்ச்சியிலே தமது வர்ணத்துக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அவர் மறைக்கவும் இல்லை.

பின்னர் வந்தது பூசல். 1621இல் செவில் நகரத்துச் சாந்த கிளாரா கன்னியர் மடத்தின் பெரும் பீடத்தை மொன்தாஞெஸ் ஒப்பந்தம் ஏற்றார். செதுக்கு வேலையோடு அமையாமல், பொன்னிடலையும் வர்ணந் தீட்டலையும் அதே உடன்படிக்கையில் தமதாக்கிக்கொண்டார். பணம் முழுவதும் அவர் கையில். தாம் விரும்பிய வர்ணக்காரரை விரும்பிய கூலிக்கு அமர்த்துவது அவர் உரிமை. பெரும் பீடங்களிலே பொன்னுக்கும் வர்ணத்துக்கும் ஆகும் செலவு செதுக்கு கூலியை மிஞ்சுவதும் உண்டு என்பதை நினைத்தால், இதன் பாரம் விளங்கும். நேற்றுவரையும் கூட்டாளியாயிருந்த வர்ணக்காரர் இனிச் சிற்பியின் கீழ்க் கூலியாள்.

பச்சேக்கோ 1622இல் ‘ஓவியக்கலை வல்லார்க்கு’ என்று தலைப்பிட்டு ஒரு பிரசுரத்தை அச்சிட்டு வெளியிட்டார். மொன்தாஞெசின் திறமையை அவர் மறுக்கவில்லை. அவரும் மற்றையோர்போல மனிதரே, ஆகவே பிழை செய்தல் வியப்பன்று என்றார். பரீட்சையில் தேறாத தொழிலை ஒருவர் ஏற்பது நகரத்துச் சட்டத்துக்கு மாறு என்றார். இவையெல்லாம் எந்தத் தொழிற்சங்கத்தாரும் சொல்லக்கூடியவை. அவர் சொன்னவற்றுள் என் மனத்திலே தங்கியது வேறொன்று: செதுக்கிய உருவம் உயிர் பெறுவதற்கு வர்ணக்காரரின் கை வேண்டும், உள்ளத்தின் உணர்ச்சிகளை முகத்திலே காட்டுவது வர்ணமே என்பது அவ்வாதம்.

நடுநின்று பார்த்தால் யார் பக்கம் நியாயம்? மொன்தாஞெசுக்கும் சொல்வதற்கு இருந்தது. திறமையற்ற வர்ணக்காரர் வெண்சாந்தைத் தடிப்பாக அப்பினால், மாதக்கணக்கிற் செதுக்கிய தலைமயிர்ச் சுருளும் இமை விளிம்பும் சாந்திற் புதைந்துபோம். தம் படைப்பு எவ்வாறு முடியவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு சிற்பி விரும்புவது பேராசை என்று தள்ளத்தக்கதன்று. பச்சேக்கோவோ சங்கத்தின் பிழைப்பைக் காக்கவே பேனையை எடுத்தார் என்பதும் வெளிப்படை. ஆயினும் என் நெஞ்சம் பச்சேக்கோ பக்கமே சாய்கின்றது. சிற்பி தம் பெயரை ஏற்கெனவே நிலைநாட்டிவிட்டார். உடன்படிக்கையிலே தனியே பெயர் எழுதப்படுவது ஒன்றே வர்ணக்காரர் தாம் இருந்தமைக்கு விட்டுச்செல்லக்கூடிய சான்று. அந்தப் பெயரும் உறுதியிலிருந்து மறைந்தபின் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வாறு? பெயர் தெரியாத வர்ணக்காரரின் கைவண்ணம் ஸ்பெயின் ஆலயங்களிலே எத்தனையோ சுரூபங்களில் இன்றும் இருக்கின்றது.

பூசல் பகையாக நிலைத்துவிடவில்லை. 1628இல் ஒப்பந்தமாகிச் செவில் பேராலயத்திற்கு மொன்தாஞெஸ் செய்த அமலோற்பவ மாதா சுரூபத்தின் வர்ண வேலையிலே பச்சேக்கோவும் பங்குகொண்டார். கீழ்நோக்கிய அதன் கண்களைக் கண்ட நகர மக்கள், ‘குருட்டுச் சிறுமி’ என்று அன்போடு அதற்குப் பெயரிட்டனர். சங்கச் சண்டைகளோ ஓயவில்லை. 1630இல், சுர்பரான் என்னும் பேரோவியர் செவிலிலே குடியேறியபோது, அவரும் பரீட்சைக்கு இருக்கவேண்டும் என்று வழக்குக் கிளப்பியவர் அலோன்சோ கானோ. இக் கானோவே உளி, தூரிகை இரண்டிலும் வல்லவராகிப் பின்னாளிற் கிரனாதாவிலே தாம் செதுக்கிய சிறு சுரூபங்களுக்குத் தாமே வர்ணமிட்டார். ஒருவரே இரண்டையும் செய்யும்போது உரிமைப் பூசலுக்கு இடமில்லை. ஆனால் அத்தகையோர் எங்கே பலராக இருப்பர்? லூயிசா ரொல்தான் என்னும் பெண் சிற்பி 1692இல் அரசவைச் சிற்பியாக உயர்ந்தபோதும், அவருடைய சுரூபங்களுக்கு வர்ணமிட்டவர் அவருடைய கணவரின் சகோதரரே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இரசனை இக்கலைக்குப் பெருந்தீங்கு செய்தது. விங்கெல்மான் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1764இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், வெண்மையான பளிங்கே சிற்பத்தின் தூய நிலை என்ற எண்ணம் ஐரோப்பாவிலே வேரூன்றியது. வர்ணமிட்ட மரச் சுரூபம் பாமரர் பக்திக்கு உரிய பொம்மை என்று ஒதுக்கப்பட்டது. பழைய கிரேக்கச் சிலைகளும் வர்ணமிடப்பட்டவையே என்பது தெளிவான பின்னரும் அவ்வெண்ணம் எளிதில் மாறவில்லை. இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 2009ஆம் ஆண்டின் இறுதியில், சுர்பரான், வெலாஸ்கெஸ் முதலியோரின் ஓவியங்களுக்கு அருகே செவில், கிரனாதா, வயதோலித் நகரங்களின் சுரூபங்களை நிறுத்திக் காட்சி நடத்தியது. இருட்டிலிருந்து ஒளிக்கு வரும் உடல்களை வரைவதற்கு அவ்வோவியர்கள் பயின்ற பள்ளி எது என்பது அங்கு வந்தவர்களுக்குப் புலனாயிற்று. பல சுரூபங்களின் அடையாளச் சீட்டிலே வர்ணக்காரர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘அறியப்படாதவர்’ என்றே எழுதவேண்டியிருந்திருக்கும்.

மாத்ரிட் நகரத்துப் பிராதோ அரும்பொருட்சாலையிலே மொன்தாஞெசின் உருவப்படமொன்று இருக்கின்றது. நான்காம் பிலிப்பு மன்னரின் வெண்கலச் சிலைக்காக அவருடைய தலையை மாதிரியாகச் செய்து தரும்படி 1635இல் அவர் மாத்ரிட்டுக்கு அழைக்கப்பட்டார். போர்த்துக்கல்லுக்கும் அதன் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் அப்பொழுது அரசர் அந்தப் பிலிப்புவே. அக்காலத்தில் மொன்தாஞெசை வரைந்தவர் வெலாஸ்கெஸ்: பச்சேக்கோவின் மாணாக்கர், 1618 தொடக்கம் பச்சேக்கோவின் மருமகனும் அவரே. படத்தில் இருப்பவர் அலோன்சோ கானோ என்று நெடுங்காலம் பிழையாகக் கொள்ளப்பட்டது. கறுத்த உடையோடு, சிறு கருவியைக் கையிற் பிடித்தபடி, முதிய சிற்பி நம்மை நேரே நோக்குகின்றார். அவர் முகத்திலே வெலாஸ்கெஸ் எல்லாத் திறமையையும் காட்டியிருக்கின்றார். முன்னாலுள்ள மன்னரின் தலையோ சில கரிய கோடுகள் மாத்திரமே. உள்ளே துணியின் அடிப்பூச்சு அப்படியே தெரிகின்றது. அதற்கு வர்ணமிடாமலே விட்டுவிட்டார்.